ஒஸ்லொபோஜெனியே

ஒஸ்லொபோஜெனியே என்பது பொஸ்னியா எர்செகோவினாவின் தலைநகரான சாரயேவோவை மையமாகக் கொண்ட ஒரு நாளிதழ் ஆகும். இப்பெயர் பொஸ்னிய மொழியில் "விடுதலை" எனப் பொருள்படும். 1943 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இவ்விதழ், யுகோஸ்லாவியா சிதைந்தபோது ஏற்பட்ட பொஸ்னியப் போரில், 1992 முதல் 1996 வரை முற்றுகையிடப்பட்டிருந்த சாரயேவோ நகரில் இருந்து தொடர்ந்து வெளிவந்தமைக்காக உலக அளவில் அறியப்படுகின்றது. போர்முனையை ஒட்டியிருந்த இதன் கட்டிடம் எறிகணைத் தாக்குதலில் எரிந்து அழிந்த பின்னரும், அதன் அடியில் இருந்த நிலவறையில் இதழ் தயாரிக்கப்பட்டது. இன அடிப்படையில் நாடு பிளவுபட்டபோது, பல இனத்தவரும் ஒன்றாகப் பணிபுரிந்த ஓர் ஆசிரிய பீடத்தைக் கலைக்காமல் வைத்திருந்தமை இதன் முதன்மையான சிறப்பாகக் கருதப்படுகின்றது.

தோற்றம்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், நாசி ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போரிட்ட யுகோஸ்லாவிய விடுதலைப் படையினரின் ஏடாக, 1943 ஆகத்து 30 அன்று இதன் முதல் இதழ் வெளிவந்தது. வடகிழக்குப் பொஸ்னியாவில் உள்ள டோன்யா ட்ர்னோவா என்னும் ஊரில் இது அச்சிடப்பட்டது. போர் முடிந்த பின்னர் சாரயேவோவுக்கு மாற்றப்பட்டு, பொஸ்னியா எர்செகோவினா சோசலிசக் குடியரசின் முதன்மை நாளிதழாக வளர்ந்தது. பொதுவுடைமை ஆட்சியின்கீழ் ஏனைய இதழ்களைப் போலவே இதுவும் கட்சியின் கட்டுப்பாட்டில் இருந்தது. குடியரசில் வாழ்ந்த முசுலிம்கள், சேர்பியர், குரோவாசியர் ஆகிய மூன்று இனத்தவரும் இதில் பணியாற்றினர். இலத்தீன் எழுத்து, சிரில்லிக் எழுத்து ஆகிய இரண்டையும் மாறிமாறிப் பயன்படுத்துவது இதன் வழக்கமாக இருந்தது.

அரசியல் பின்னணி

1980 ஆம் ஆண்டில் தலைவர் டிட்டோ மறைந்த பின்னர் யுகோஸ்லாவியக் கூட்டாட்சி படிப்படியாக வலுவிழந்தது. பொருளாதார நெருக்கடியும், குடியரசுகளில் எழுந்த தேசியவாத இயக்கங்களும் நடுவண் அரசைச் செயலிழக்கச் செய்தன. பல குடியரசுகளில் வானொலி, தொலைக்காட்சி, நாளிதழ்கள் ஆகியவை அந்தந்த ஆட்சியாளரின் பரப்புரைக் கருவிகளாயின.

இச்சூழலில் 1988 திசம்பரில் ஒஸ்லொபோஜெனியே ஊழியர்கள் கெமால் குர்ஸ்பாகிச் என்பவரைத் தலைமை ஆசிரியராகத் தெரிவு செய்தனர். ஆசிரியரைக் கட்சி நியமிக்கும் முறை இதனோடு முடிவுக்கு வந்தது. 1990 நவம்பரில் நடைபெற்ற பல்கட்சித் தேர்தலில் மூன்று இனங்களையும் சார்ந்த தேசியவாதக் கட்சிகள் வெற்றி பெற்றன. அவை ஊடகங்களின் ஆசிரியர்களை நியமிக்கும் உரிமையைத் தமக்கு வழங்கும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தன. இதனை எதிர்த்து ஊழியர்கள் அரசியலமைப்பு நீதிமன்றத்தை நாடி வெற்றி கண்டனர். அதனால் போர் தொடங்குமுன்னரே இவ்விதழ் மூன்று கட்சிகளின் பகைமையையும் ஈட்டியிருந்தது.

1991 கணக்கெடுப்பின்படி குடியரசின் மக்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் முசுலிம்கள், 31 விழுக்காட்டினர் சேர்பியர், 17 விழுக்காட்டினர் குரோவாசியர். எனவே இன அடிப்படையில் நாட்டைப் பிரிப்பது என்பது ஊர்களையும், தெருக்களையும், குடும்பங்களையும் பிரிப்பதாகவே இருந்தது. ஆசிரிய பீடமும் இதற்கு விலக்காக இருக்கவில்லை.

முற்றுகைக் காலம்

1992 பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் நடைபெற்ற பொதுசன வாக்கெடுப்பின் பின்னர் பொஸ்னியா எர்செகோவினா தனிநாடாகியது. ஏப்பிரல் தொடக்கத்தில் போர் மூண்டது. யுகோஸ்லாவிய இராணுவமும், பின்னர் பொஸ்னிய சேர்பியப் படையினரும், சாரயேவோவைச் சூழவுள்ள மலைகளில் நிலைகொண்டு நகரை முற்றுகையிட்டனர். இம்முற்றுகை 1992 ஏப்பிரல் 5 முதல் 1996 பெப்ரவரி 29 வரை 1,425 நாட்கள் நீடித்தது.

போரின் முதல் வாரத்திலேயே இதழ் தன் நிருபர் ஒருவரை இழந்தது. கிழக்குப் பொஸ்னியாவில் உள்ள சுவோர்னிக் நகரின் நிருபரான கியாசிஃப் ஸ்மைலோவிச், சேர்பியத் துணைப்படையினர் அந்நகரைக் கைப்பற்றியபோது 1992 ஏப்பிரல் 9 அன்று தமது அலுவலகத்தில் வைத்துக் கொல்லப்பட்டார். போர்க் காலத்தில் இதழின் பணியாளர்கள் மேலும் சிலர் கொல்லப்பட்டனர், பலர் காயமடைந்தனர்.

கட்டிடத்தின் அழிவு

இதழின் அலுவலகம் நகரின் மேற்கே, வானூர்தி நிலையத்துக்குச் செல்லும் வழியில், நெஜாரிச்சி பகுதியை ஒட்டி அமைந்திருந்த பல மாடிக் கட்டிடம் ஆகும். நெஜாரிச்சி பொஸ்னிய சேர்பியப் படையினரின் கையில் இருந்தமையால், கட்டிடம் துப்பாக்கிச் சூட்டுக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. 1992 சூன் மாதத்தில் எறிகணைகளால் தாக்கப்பட்டுத் தீப்பற்றி எரிந்தது. மேல்மாடிகள் இடிந்து சரிந்தன. எனினும் அச்சு இயந்திரங்கள் தப்பின. கட்டிடத்தின் அடியில், பனிப்போர்க் காலத்தில் அணுகுண்டுத் தாக்குதலில் இருந்து தப்புவதற்காக அமைக்கப்பட்டிருந்த நிலவறைக்கு ஆசிரிய பீடம் மாற்றப்பட்டது.

பணி முறை

அலுவலகத்துக்குச் செல்லும் சாலை மலைகளிலும் கட்டிடங்களிலும் மறைந்திருந்து சுடுவோரின் குறிக்கு உட்பட்டது. ஆகவே நாள்தோறும் சென்று வருவதைத் தவிர்த்து, சிறு குழுவினர் பல நாட்கள் நிலவறையிலேயே தங்கிப் பணிபுரிந்து, பின்னர் அடுத்த குழுவினரிடம் பொறுப்பை ஒப்படைத்தனர். ஏனையோர் நகர மையத்தில் செய்தி திரட்டினர். 1992 ஆம் ஆண்டில் இச்சாலையில் வேகமாகச் சென்றபோது நேர்ந்த வாகன விபத்தில் குர்ஸ்பாகிச் காலில் கடுமையாகக் காயமடைந்தார். அவர் இல்லாத காலத்தில் துணை ஆசிரியர் கோர்தானா குனெசெவிச் இதழின் பொறுப்பை ஏற்றார். இவர் சேர்பிய இனத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

1992 மே 2 அன்று நகரின் தலைமை அஞ்சலகம் எரிக்கப்பட்டதால் தொலைபேசித் தொடர்புகள் பெருமளவில் துண்டிக்கப்பட்டன. முற்றுகையிடப்பட்ட ஏனைய நகரங்களில் இருந்து வரும் செய்திகள் பெரும்பாலும் தன்னார்வ வானொலி இயக்குநர்கள் வழியாகவே கிடைத்தன. மின்சாரம் இல்லாதபோது மின்பிறப்பாக்கிகள் இயக்கப்பட்டன. அவற்றுக்கு வேண்டிய எரிபொருளும் அரிதாகவே கிடைத்தது. பத்திரிகைத் தாள் தட்டுப்பாட்டினால் பக்கங்களும் படிகளின் எண்ணிக்கையும் வெகுவாகக் குறைக்கப்பட்டன. விநியோக அமைப்பு செயலிழந்தபோது, செய்தியாளர்களே இதழ்களைத் தெருவில் விற்றனர். ஒரே படியைப் பலர் கைமாற்றிப் படித்தனர்.

உள்ளடக்கம்

நீர் எங்கு கிடைக்கும், உணவு உதவி எப்போது வழங்கப்படும் போன்ற தகவல்கள் போர்ச் செய்திகளுக்கு நிகரான இடத்தைப் பெற்றன. மரண அறிவித்தல்கள் இதழின் பெரும் பகுதியை நிரப்பின. தொடர்புகள் அறுந்த ஒரு நகரில், யார் இறந்தார் என்பதை உறவினரும் நண்பரும் அறிந்துகொள்ள இவ்வறிவித்தல்களே வழியாக இருந்தன. வெவ்வேறு சமயத்தவரின் அறிவித்தல்கள் அவரவர் சமயச் சின்னங்களுடன் ஒரே பக்கத்தில் அருகருகே அச்சிடப்பட்டன.

நடுநிலைமை பற்றிய கேள்வி

போர்முனைச் செய்தியாளர் இரு தரப்புக்கும் அப்பால் நிற்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு ஆகும். சாரயேவோவுக்கு வந்த வெளிநாட்டுச் செய்தியாளர்களும் பெரும் ஆபத்தை எதிர்கொண்டனர். சிஎன்என் ஒளிப்பதிவாளர் மார்கரெட் மோத் 1992 சூலையில் முகத்தில் சுடப்பட்டு உயிர் தப்பினார். ஆனால் வெளிநாட்டவர் நகரை விட்டு வெளியேற முடிந்தது. உள்ளூர்ச் செய்தியாளரோ தாம் எழுதும் செய்தியின் பகுதியாகவே இருந்தனர். தமது வீட்டின் மீது விழுந்த எறிகணையைப் பற்றியே அவர்கள் எழுத வேண்டியிருந்தது.

ஒஸ்லொபோஜெனியே முற்றுகையிட்டோரை ஆக்கிரமிப்பாளர் எனக் குறிப்பிட்டதுடன், பொஸ்னிய அரசின் தற்காப்பை வெளிப்படையாக ஆதரித்தது. இது பக்கச்சார்பு என விமர்சிக்கப்பட்டது. மறுபுறம், பல இனத்தவரும் சேர்ந்து வாழும் நாடு என்னும் கொள்கையில் உறுதியாக நின்றமையால், பொஸ்னியாக்குத் தேசியவாதிகளும் இவ்விதழை ஐயத்துடனேயே நோக்கினர். ஊழியர்களில் சிலர் நகரை விட்டு வெளியேறினர். எஞ்சியோரில் மூன்று இனத்தவரும் இருந்தனர். இதழ் எடுத்த நிலைப்பாடு இனம் சார்ந்தது அன்று என்பதற்கு ஆசிரிய பீடத்தின் இந்த அமைப்பே சான்றாகக் காட்டப்படுகின்றது.

விருதுகளும் நூல்களும்

ஐரோப்பிய நாடாளுமன்றம் 1993 ஆம் ஆண்டுக்கான சாகரவ் பரிசை இவ்விதழுக்கு வழங்கியது. இதழின் செய்தியாளர் சிலாத்கோ டிஸ்தாரெவிச், எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் பரிசை 1992 இல் பெற்றார். அமெரிக்கச் செய்தியாளர் டொம் ஜெல்டன் இவ்விதழின் போர்க்கால வரலாற்றை 1995 இல் நூலாக எழுதினார். பால்கன் போர்களில் ஊடகங்களின் பங்கை ஆராயும் நூல் ஒன்றை குர்ஸ்பாகிச் 2003 இல் வெளியிட்டார். அவர் 2021 இல் காலமானார்.

போருக்குப் பின்

1995 இல் எட்டப்பட்ட டேட்டன் உடன்பாடு போரை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஆயினும் நாடு இன அடிப்படையிலான இரு ஆட்சிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. முற்றுகைக்குப் பொறுப்பான பொஸ்னிய சேர்பியத் தளபதி ஸ்தானிஸ்லாவ் காலிச்சுக்கு 2006 இலும், அரசியல் தலைவர் ரதோவான் கராஜிச்சுக்கு 2019 இலும் மேன்முறையீட்டில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. முற்றுகையில் இறந்தோரை நினைவுகூர, 2012 ஏப்பிரல் 6 அன்று சாரயேவோவின் முதன்மைத் தெருவில் 11,541 சிவப்பு நாற்காலிகள் வெறுமையாக வைக்கப்பட்டன.

எரிந்த கட்டிடத்தின் எஞ்சிய பகுதி போருக்குப் பின்னரும் சில காலம் அப்படியே விடப்பட்டிருந்தது. அமைதிக் காலம் இதழுக்கு எளிதாக அமையவில்லை. வாசகர் சந்தை இன அடிப்படையில் பிளவுபட்டது. ஆளும் கட்சியின் ஆதரவு பெற்ற புதிய நாளிதழ்கள் போட்டியாக எழுந்தன. எறிகணைகளால் நிறுத்த முடியாத இதழ், நாட்டின் பிரிவினையால் தனது வாசகரில் பெரும் பகுதியினரை இழந்தது.