காற்றை எடுத்தால் கெடாதா?

படாளத்திலுள்ள மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலையை நம் பக்கத்து வாசகர்கள் அறிவீர்கள். இத்தகைய ஆலைகளில் கரும்புச் சாற்றுப் பாகை, காற்று இறைக்கப்பட்ட கலங்களில்தான் காய்ச்சுவார்கள். அழுத்தம் குறைவதால் பாகு 70 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கும்; சர்க்கரை கருகாது. இங்கிலாந்தில் ஹோவர்ட் என்பவர் 1813-ஆம் ஆண்டையொட்டிக் கண்ட முறை இது.

அன்று ஆலைக்கு வந்த வெற்றிடம் இன்று அடுக்களைக்கும் வந்துவிட்டது. பையிலுள்ள காற்றை உறிஞ்சி, வாயை உருக்கி ஒட்டும் சிறு பொறியைத்தான் சொல்கிறேன். வாங்குமுன் அதன் பின்னணியைச் சற்றுக் கேளுங்கள்.

பிரான்சு நாட்டு அப்பேர், உணவைப் புட்டியில் அடைத்துத் தக்கையால் மூடி, வெந்நீரில் நெடுநேரம் வேகவைத்தார். அது மாதக்கணக்கில் கெடவில்லை. 1810-இல் அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. ஏன் கெடவில்லை? ஆக்சிஜன் இல்லாததால்தான் என்றார் வேதியியலறிஞர் கே-லூசாக். பெரியவர் சொன்னதல்லவா, உலகம் நெடுங்காலம் நம்பிற்று! உண்மையில் உணவைக் காத்தது கொதிநீரின் வெப்பம். ஆக்சிஜன் இன்றியே வாழும் நுண்ணுயிர்களும் உண்டென்று 1861-இல் பாஸ்டர் காட்டினார்.

அவற்றுள் ஒன்று எத்துணைக் கொடியது என்பது 1895 டிசம்பரில் தெரிந்தது. பெல்ஜியத்தின் எல்செல் கிராமத்தில் ஒரு சாவுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் உப்பிட்ட பன்றித்தொடையை உண்டனர். பலர் நோயுற்றனர், மூவர் மாண்டனர். உப்புநீருக்கடியில் காற்றுப்படாமல் கிடந்த அந்த இறைச்சியில் நஞ்சு சுரந்த கிருமியை வான் எர்மெங்கம் கண்டுபிடித்தார். அதுவே போட்டுலினம். அந்த நஞ்சு நாற்றத்தால் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று எண்ண வேண்டாம்.

அப்படியானால் நம் பாட்டிமார் குதிரின் வாயைக் களிமண்ணால் பூசி மூடியது தவறா? இல்லை. உள்ளே இருந்தது நன்கு காய்ந்த நெல். வண்டும் அந்துப்பூச்சியும் சுவாசித்தே உள்ளிருக்கும் ஆக்சிஜனைக் குறைத்துக்கொள்ளும், பிறகு பெருகமாட்டா. நீரில்லாத இடத்தில் போட்டுலினமும் வளராது.

ஆகவே பொறி வாங்குவோர், எதை அடைக்கப் போகிறோம் என்று முதலில் தீர்மானியுங்கள். பருப்பு, வேர்க்கடலை, மொறமொறவென்று காய்ந்த கருவாடு ஆகியவற்றுக்கு எளிய பொறியே போதும். குழம்பு போன்றவற்றைச் சாதாரணப் பொறியில் வைத்தால் சாறு பம்புக்குள் ஏறிவிடும். பை விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். வெறும் பாலிதீன் வழியே ஆக்சிஜன் மெல்லக் கசியும். நைலான் அடுக்கு சேர்ந்த பையே ஏற்றது. பையின் உட்புறம் வரிவரியாகப் புடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அவ்வரிகளின் இடுக்கு வழியாகத்தான் காற்று வெளியேறும்.

சமைத்த உணவு, உரித்த பூண்டு, அரைகுறையாகக் காய்ந்த மீன் ஆகியவற்றை அடைத்து அலமாரியில் வைக்கவே கூடாது. சதுரங்கப்பட்டினத்துக் கரையில் வாங்கிய பச்சை மீனானால் அடைத்தவுடன் உறைபெட்டிக்குள் போகட்டும். சமைக்க எடுக்கும்போது முதலில் பையின் வாயை வெட்டிவிடுங்கள். பிறகே பனி இளகட்டும்.