ஆரணிக்கு வந்த இணைய வேகம்

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது, பட்டுத்தறிகளின் ஊரான ஆரணி அந்தப் பட்டியலில் இல்லை. சென்னையையும் சிங்கப்பூரையும் கடலடியில் இணைத்து 2002இல் வந்த கண்ணாடியிழை வடம், ஒரு நொடியில் கடத்தத்தக்க தரவின் அளவாகிய அலைவரிசை அகலத்தைப் பெருக்கியதே தவிர, இணையவழி விளையாட்டில் கருவியின் பொத்தானை அழுத்துவதற்கும் அதன் விளைவு திரையில் தோன்றுவதற்கும் இடைப்பட்ட ‘லேக்’ என்னும் தாமதத்தை முற்றிலும் நீக்கவில்லை. ஏனெனில் இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டரே செல்வதால், 3,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சர்வருக்குச் சென்று திரும்ப 30 மில்லிநொடியேனும் ஆகும். விளம்பரங்கள் வேகமென்று விற்பது பெரும்பாலும் அகலத்தைத்தான். 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் மலிவான 4ஜி தரவைப் பரவலாக்கியபின், ஆரணி போன்ற ஊர்களில் பிளேஸ்டேஷன் போன்ற விளையாட்டுக் கருவிகளைவிடக் கைபேசியே ஆடுகளமாயிற்று.