ஒரே கணக்கு, இரு சித்திரங்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒன்றே முற்றிலும் மாறுபட்ட இரு முடிவுகளுக்குச் சான்றாக நிறுத்தப்படலாம். இதற்கு அமெரிக்க வரலாற்றில் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு.

1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையும் பிற புள்ளிவிவரங்களையும் கொண்டு, ஃபிரெடெரிக் ஹாஃப்மன் என்னும் காப்பீட்டுப் புள்ளியியலார் 1896-இல் ஒரு நூல் வெளியிட்டார். கறுப்பின மக்களிடையே இறப்பு மிகுந்திருப்பதற்கு அவர்களது வாழ்க்கைச் சூழல் காரணமன்று, இன இயல்பே காரணம் என்றும், அவ்வினம் படிப்படியாக அழியும் என்றும் அவர் வாதிட்டார். அட்டவணைகள் நிறைந்திருந்தமையால் பலர் அதனை அறிவியல் முடிவென்றே கொண்டனர்.

அந்நூலை மறுத்து 1897-இல் மதிப்புரை எழுதியவர்களுள் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞரும் ஒருவர். அவ்வாண்டிலேயே அவர் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். 1900-இல் நடைபெற்ற பாரீஸ் உலகப் பொருட்காட்சிக்காக, அவரும் அவருடைய மாணவர்களும் சுமார் 60 விளக்கப்படங்களை மையாலும் வண்ணத்தாலும் கையால் வரைந்தனர். அவற்றுள் ஒரு தொகுதி ஜியார்ஜியா மாநிலக் கறுப்பின மக்களைப் பற்றியது.

அவற்றுள் சிலவற்றை நோக்குவோம். 1790 முதல் 1870 வரையிலான அடிமைகளின் விகிதத்தைக் காட்டும் படத்தை ஒரு கரிய பரப்பு நிறைத்து நிற்கிறது. 1860-இல் நூற்றுக்கு 89 பேர் அடிமைகள், 1870-இல் ஒருவருமில்லை. மற்றொரு படம் ஜியார்ஜியாவில் எழுத்தறியாதார் 1860-இல் நூற்றுக்கு 99-ஆக இருந்து, 1890-இல் 67-ஆகக் குறைந்ததைக் காட்டுகிறது. 1890-இல் அம்மாநிலத்திலிருந்த 8,58,815 கறுப்பின மக்களுள் 7,34,952 பேர் நாட்டுப்புறத்தினர். இவர்களைக் குறிக்கும் கோடு தாளில் அடங்காத நீளமுடையதாதலால், அது செந்நிறச் சுருளாகச் சுற்றி வரையப்பட்டது. மாநிலத்தின் கறுப்பின மக்கள்தொகையோ 1880-இல் 7,25,133 மட்டுமே. அழியும் என்று கூறப்பட்ட இனம் பெருகி வருவதையும் கற்று வருவதையும் அரசின் கணக்கே அறிவித்தது.

எனினும் படங்களின் வரம்பையும் நாம் மறத்தலாகாது. 1899 ஏப்ரலில் ஜியார்ஜியாவில் சாம் ஹோஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளி வெறிக்கும்பலால் சித்திரவதை செய்து எரிக்கப்பட்டார். இத்தகைய கொடுமைகள் நிகழ்கையில் அமைதியாக ஆராய்ந்துகொண்டு மட்டும் இருத்தல் இயலாது என்று டுபாய்ஸ் பின்னர் எழுதினார். பாரீஸில் தங்கப்பதக்கம் பெற்ற அவர், 1910-இல் பல்கலைக்கழகத்தை விட்டு உரிமைப் போராட்டப் பணியில் முழுமையாக ஈடுபட்டார்.

திருச்சபைகளும் ஓர் ஊரின் மக்களை எண்ணி, பிரித்து, திருப்பணிக்குரிய இலக்கு எனக் குறிப்பது வழக்கம். அவ்வாறு படம் வரைகையில் நாம் இரண்டு கேள்விகளைக் கேட்டல் நலம். இவ்வெண்கள் அம்மக்களின் குறையை மட்டும் காட்டுகின்றனவா, அக்குறைக்குரிய காரணத்தையும் காட்டுகின்றனவா? படத்தை வரைவதில் அம்மக்களுக்குப் பங்கு உண்டா? அட்லாண்டாவில் எழுதுகோலை ஏந்தியவர்கள், கணக்கில் எண்ணப்பட்ட மக்களின் பிள்ளைகளே.