சம்பா

பெங்களூர் மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் கடைவீதியில் தமிழர் ஒருவர் சம்பா கேட்டால் அது அரிசி. லத்தீன் நடனம் படிக்கும் பிள்ளை சொல்லும் சம்பா வேறு. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

நடனப் பெயரின் வேரை அறிஞர் பலர் அங்கோலாவின் கிம்புண்டு மொழியில் காண்கிறார்கள். அங்கே ‘செம்பா’ என்பது தொப்புளோடு தொப்புள் இடிப்பது. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட மக்களோடு அது பிரேசில் போய்ச் சேர்ந்தது. பாஹியா மாநிலத்துச் ‘சம்பா டி ரோடா’வில் அந்த இடிப்பு இன்றும் உண்டு. வட்டத்தின் நடுவே ஆடுகிறவள், தன் முறை முடிந்ததும் இன்னொருத்தி முன் வந்து வயிற்றால் லேசாக இடிப்பாள்; அதுதான் அழைப்பு. அடுத்தவள் உள்ளே வருவாள். பாதம் தரையை விட்டு எழுவதே தெரியாது, சின்னச்சின்னத் தேய்ப்புதான். பக்கத்தில் ஒருவர் சாப்பாட்டுத் தட்டைக் கத்தியால் சுரண்டித் தாளம் கொடுப்பார். வீட்டுச் சாமான்களையே வாத்தியமாக்கிய அந்த மக்களை வணங்கத் தோன்றுகிறது. 2005-இல் யுனெஸ்கோ சம்பா டி ரோடாவை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

ரியோவில் 1916-இல் டோங்கா என்ற இசைக்கலைஞர் தன் பெயரில் பதிவுசெய்த பாடல் சம்பா என்ற பெயரை நாடெங்கும் பரப்பியது. 1928-இல் முதல் ‘சம்பா பள்ளி’ அங்கே பிறந்தது. பெயர்தான் பள்ளி, உண்மையில் அது கார்னிவல் ஊர்வலக் குழு.

நடனப் போட்டிகளில் காணும் ஜோடிச் சம்பா ஐரோப்பாவில் வகுத்தது. பெங்களூரில் கற்க விரும்புகிறவர்கள், எந்தச் சம்பா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.