வட்டவளை ஈரத்தில் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்கள்: குணமும் மதிப்பும்

ரேஞ்ச்ஃபைண்டர் கெமராவில் படம் பிடிப்பவர் லென்ஸின் ஊடாகப் பார்ப்பதில்லை. தனிச் சாளரத்தில் இரண்டாகத் தெரியும் உருவத்தை ஒன்றாகப் பொருத்தித்தான் தூரத்தைச் சரிசெய்கிறார். லைட்ஸ் நிறுவனத்தின் லைக்கா II, ஸைஸ் ஐகானின் கொன்டாக்ஸ் ஆகிய இரண்டும் 1932இல் இந்த ஏற்பாட்டோடு வெளிவந்தன. இவற்றில் பூட்டிய எல்மார், ஸுமார், ஸொனார் லென்ஸ்களை இன்றும் தேடி வாங்குகிறார்கள். அவற்றின் ‘குணம்’ என்று சேகரிப்போர் புகழ்வதில் ஒரு பங்குதான் வடிவமைப்பாளர் கொடுத்தது. மீதி வயதும் ஈரமும் சேர்த்தது. இரண்டையும் பிரிக்காமல் மதிப்புப் பேசுவது வீண். ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இலங்கை மலையகத்து வட்டவளை, அப்படிப் பிரித்துப் பார்க்க ஏற்ற இடம்.

முதலில் வடிவமைப்பு. ஒளி திருப்பலைக் குறைக்கும் பூச்சில்லாத கண்ணாடி, காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பியடிக்கும். ஸுமாரில் அப்படி 8 பரப்புகள். உள்ளே போகும் ஒளியில் 72 சதவீதம்தான் நேராக பிலிமைச் சேரும். லுட்விக் பெர்டெலே வடிவமைத்த 50 மி.மீ. f/1.5 ஸொனாரில் 7 கண்ணாடிகள் இருந்தும், மூன்று தொகுதிகளாக ஒட்டியிருப்பதால் பரப்புகள் 6 தான். 78 சதவீதம் சேரும். சிதறிய ஒளியோ படத்தின் கறுப்பின் மேல் வெண்திரையாகப் படியும். கொழுந்துச் செடிக்கு மேலே வானம் முழுக்க வெள்ளை மூட்டமாக நிற்கும் நாளில் இந்த வித்தியாசம் வெறுங்கண்ணுக்கே தெரியும். ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935இல் கண்டறிந்த பூச்சு பரவலான பிறகே இந்தக் கணக்கு மாறியது. ஸொனாருக்கும் குறை உண்டு: துவாரத்தைச் சுருக்கும்போது குவியம் பின்னால் நகரும். சாளரம் அதைக் காட்டாது.

அடுத்தது ஈரம். லென்ஸின் பின்னால் டோர்ச் அடித்து முன்னால் சாய்த்துப் பார்த்தால், சிலந்தி நூல் போல் கிளைவிடுவது பூஞ்சணம். சீரான பால்மங்கல் பெரும்பாலும் எண்ணெய் ஆவி. ஓரத்தில் வானவில்லாக மினுங்குவது ஒட்டுப் பசை விட்டுப்போனது. மங்கலைத் துடைக்கலாம். பூஞ்சணத்தின் அமிலம் அரித்த கண்ணாடி மீளாது. தோல் உறைக்குள் பத்திரமாக வைத்தோம் என்பார்கள். அந்தத் தோல்தான் ஈரத்தைப் பிடித்துப் பூஞ்சணத்துக்குத் தீனியும் போடுகிறது. ஸுமாரின் முன்கண்ணாடி மிருதுவானது. தூறலில் கைக்குட்டையால் துடைத்த கீறல்கள் இல்லாத ஒன்று கிடைப்பது அரிது.

அந்த மங்கலே அழகு என்று வாதிப்போர் உண்டு. லைக்காவும் கையாண்ட இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) பூச்சில்லாக் காலத்தவர்தானே என்றும் கேட்கலாம். ஆனால் அவருடைய படங்களின் ஆழ்ந்த கறுப்பு, ஒளியைத் தேர்ந்ததாலும் இருட்டறை வேலையாலும் வந்தது. அழுக்குக் கண்ணாடி தந்ததல்ல. விலையே தரத்தைச் சொல்லும் என்ற வாதமும் நிற்காது. போருக்குப் பின் f/2 ஸொனாரின் வடிவத்தில் சோவியத்தில் செய்த ஜுபிட்டர்-8, மூல லென்ஸைவிட மிக மலிவு. வடிவம் ஒன்றே, பொருத்திய கைகளின் சீர்தான் வேறுபடும். சேகரிப்பவர் பெயருக்கும் அருமைக்கும் பணம் கொடுக்கட்டும். வட்டவளையில் படம் பிடிக்க வாங்குபவருக்கு, பூஞ்சணம் ஏறிய ஸொனாரைவிடத் தெளிவான ஜுபிட்டரே பெறுமதி. அதையும் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில்தான் வைக்க வேண்டும்.