நீர்ப்பரப்பும் நுண்படலமும்

கொந்தளிக்கும் நீர் எண்ணெய் வார்த்தால் அடங்கும் என்பதைப் பண்டைக்கால மாலுமிகள் அறிந்திருந்தனர். அதனை ஆராய்ச்சிப் பொருளாக்கியவர்களுள் முதன்மையானவர் பெஞ்சமின் பிராங்கிளின். இலண்டனிலுள்ள கிளப்பம் குளத்திலே அவர் வார்த்த ஒரு தேக்கரண்டி எண்ணெய், ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பிற்குப் பரவி அலைகளை அடக்கியது. 1774இல் இச்செய்தி வெளியாயிற்று. அவ்வளவு பரவிய எண்ணெய்ப் படலத்தின் தடிப்பு எத்துணையென அவர் கணித்தாரல்லர். கணித்திருப்பின், சில நனோமீற்றரே என்பது புலப்பட்டிருக்கும். ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும்.

இத்தகைய படலத்தை அளந்தறியும் முறையைக் கண்டவர் சேர்மனி நாட்டு அக்னெசு பொக்கெல்சு அம்மையார். 1862இல் பிறந்த இவருக்குப் பௌதிகத்தில் வேட்கை மிகுதி. எனினும், பெண்களுக்கு அந்நாளிற் பல்கலைக்கழகக் கதவு திறந்திருக்கவில்லை. பிரவுன்சுவைக் நகரிலே நோயுற்ற பெற்றோரைப் பேணி, வீட்டுப் பணிகளையும் ஆற்றியவாறே இவர் ஆராய்ந்தார். 70 சதமமீற்றர் நீளமும் 5 சதமமீற்றர் அகலமுங் கொண்ட தகரத் தொட்டியிலே விளிம்பு மட்டும் நீரை நிரப்பி, அதன் குறுக்கே ஒரு தகரப் பட்டியை வைத்தார். பட்டியை நகர்த்துந்தோறும் நீர்ப்பரப்பு சுருங்கும் அல்லது விரியும். படலம் பரந்துகிடக்கையில் நீரின் பரப்பிழுவை பெரிதும் மாறுவதில்லை. ஓரெல்லைக்கு அப்பால் நெருக்கப்படின் விரைந்து குறைகின்றது. இதுவே அவர் கண்ட உண்மை.

1891இல் இம்முடிவுகளை அவர் இங்கிலாந்திலிருந்த றேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். பட்டமும் பதவியுமில்லாத ஒருவரின் கடிதமென அப்பேரறிஞர் அதனைப் புறக்கணித்தாரல்லர். மொழிபெயர்ப்பித்து, 'நேச்சர்' இதழில் வெளிவரச் செய்தார்.

பின்னர், அமெரிக்க அறிஞர் இலாங்மியர் இத்தொட்டியைத் திருத்தியமைத்தார். படலம் ஒற்றை மூலக்கூற்றின் தடிப்பினது என்பதையும், அம்மூலக்கூறுகள் ஒருமுனை நீரிற்பட நிமிர்ந்து நிற்பன என்பதையும் 1917இல் விளக்கினார். 1932இல் நோபெல் பரிசு அவரை அடைந்தது. அதேயாண்டில், எழுபது வயதளவில், பொக்கெல்சு அம்மையாருக்குப் பிரவுன்சுவைக் தொழினுட்ப உயர்கல்லூரி கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1935இல் அவர் மறைந்தார். தொட்டியோ இன்று இலாங்மியர் பெயராலேயே பெரிதும் வழங்குகின்றது.

எண்ணெய் போன்றே திண்மத் துணிக்கைகளும் நீர்ப்பரப்பில் தங்கும் என்பதை இராம்சுடன் 1903இல் எடுத்துக்காட்டினார். துணிக்கையொன்று பரப்பில் அமருங்கால் நீரும் வளியும் தொடும் இடம் அவ்வளவிற்குக் குறைகின்றது. அதனாற் சத்தியும் குறைதலின் அஃது அங்கேயே நிலைக்கின்றது. துணிக்கை சிறுத்தால் இப்பிணிப்பும் தளரும். மிகச் சிறியவற்றை வெப்ப அசைவே பெயர்த்துவிடக்கூடும். ஆதலின் நனோத் துணிக்கைகளுக்கு ஏற்ற மேற்பூச்சு இன்றியமையாதது. அவ்வாறு பூசிய துணிக்கைகளை விரைவில் ஆவியாகும் திரவத்திற் கலந்து நீர்மேல் துளித்துளியாக விடுவர். திரவம் ஆவியாகத் துணிக்கைகள் ஓரடுக்காகத் தங்கும்.

1997இல் அமெரிக்க ஆய்வாளர் வெள்ளி நனோத் துணிக்கைகளை இங்ஙனம் பரப்பி நெருக்கினர். தனித்தனியே கிடந்தபோது மின்னைக் கடத்தாத அவ்வடுக்கு, மிக நெருங்கியதும் உலோகத்தின் இயல்பை எய்திப் பளபளத்தது. தளர்த்தியதும் பழைய நிலைக்கு மீண்டது. பொருள் ஒன்றே, இடைவெளி மாறக் குணமும் மாறிற்று.

அவ்விடைவெளியை மாற்றியது யாது? நீர்ப்பரப்பின் குறுக்கே நகரும் ஒரு தடுப்பு. அதன் மூலவடிவம் அம்மையாரின் தகரப் பட்டியேயாம். கருவியின் எளிமையும் பட்டமின்மையும் உண்மையைக் காண்பதற்குத் தடையாகவில்லை. ஆயினும், கண்ட உண்மை உலகையடைவதற்கு அதனை மதித்து வாசிக்கும் ஒருவரும் வேண்டியிருந்தார். கற்போர் முன்னதையும் கற்பிப்போர் பின்னதையும் நினைவிற் கொள்வாராக.