வானிலைச் செய்தியில் கலைச்சொற்களைக் காத்தல்

1. எல்லையும் வரையறையும்

பொதுவாசகருக்கு எழுதும்போது துறைச்சொற்களை நீக்கிவிட வேண்டும் என்ற கருத்து நம் இதழியலில் ஏறக்குறைய விதியாகவே வழங்குகிறது. அவ்விதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை வானிலைச் செய்திகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு துறையினர் தமக்குள் உடன்பட்டு எல்லை வகுத்துக்கொண்ட சொல்லையே நாம் கலைச்சொல் என்கிறோம். அருஞ்சொல் வேறு, கலைச்சொல் வேறு. ஒரு சொல் அரிதாகத் தோன்றுவது கேட்பவரின் பழக்கத்தைப் பொறுத்தது. கலைச்சொல் ஆவதோ அதற்கு வகுத்த எல்லையைப் பொறுத்தது. 'ஓரிரு இடங்களில்' என்ற தொடர் எவருக்கும் புரியும். ஆயினும் வானிலை அறிக்கையில் அது கலைச்சொல்லே. இவ்வேறுபாடு மறக்கப்படும்போது, கடினமாக ஒலிப்பவை வெட்டப்படுகின்றன. எளிதாக ஒலிப்பவை கவனமின்றி மாற்றப்படுகின்றன.

2. மூவகைச் சொற்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கைகளில் வரும் கலைச்சொற்களை நாம் மூன்றாகப் பகுக்கிறோம்.

முதல் வகை காற்றின் வேகம் பற்றியது. மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் குறைவாகக் காற்று சுழன்றால் அது காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐ எட்டினால்தான் புயல். பெயர் சூட்டப்படுவதும் அப்போதுதான்.

இரண்டாம் வகை மழையின் அளவு பற்றியது. காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வது கனமழை, 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. 'மிக', 'அதி' என்னும் அடைகள் இங்கே அழுத்தத்துக்காக வந்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஓர் அளவுக்கோடு.

மூன்றாம் வகை பரப்பு பற்றியது. ஒரு வட்டாரத்தின் மழை பதிவு நிலையங்களில் 25 விழுக்காட்டுக்கு உட்பட்டவற்றில் மட்டும் மழை எதிர்பார்க்கப்பட்டால் 'ஓரிரு இடங்களில்' என்பர். முக்கால் பங்குக்கு மேல் என்றால் 'பெரும்பாலான இடங்களில்' என்பர்.

3. நெருக்கடியின் காரணங்கள்

இச்சொற்கள் செய்திகளில் வெட்டப்படுவதற்கு முதற்காரணம் இடம். 'ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' ஒரு பத்தித் தலைப்பில் அடங்காது. ஆகவே நான்கு நிலைகளும் 'புயல் சின்னம்' என்ற ஒரே பெயருக்குள் ஒடுங்குகின்றன.

இரண்டாவது காரணம் வாசகரைப் பற்றிய தாழ்ந்த மதிப்பீடு. இதை நாம் முற்றிலும் மறுக்கிறோம். டெல்டா உழவர் 'டி.எம்.சி.', 'கன அடி' ஆகிய அளவுகளை நாள்தோறும் பேச்சில் ஆள்கிறார். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பது அவருக்கு மனப்பாடம். கடலோர மீனவர், துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைக் கொண்டே நிலைமையை உணர்கிறார். அவர்களுக்காக எவரும் அந்த அளவுகளை எளிமையாக்கித் தரவில்லை. தேவை இருந்தது, சொல் மாறாமல் மீண்டும் மீண்டும் வந்தது, கற்றுக்கொண்டார்கள்.

4. இழப்பு

முதல் வகைச் சொற்கள் காற்றை மட்டுமே அளக்கின்றன, மழையை அளப்பதில்லை. எல்லாவற்றையும் 'புயல்' என்ற ஒரு சொல்லில் அடக்கினால், புயல் இல்லையேல் ஆபத்தும் இல்லை என்று வாசகர் கொள்கிறார். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அன்று அங்கே புயல் இல்லை. குமரிக்கடல் பகுதியில் நிலவியது வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி மட்டுமே.

'வலுவிழந்தது' என்ற சொல் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், மறுநாள் புயல் நிலையிலிருந்து இறங்கியது. 'புயல் வலுவிழந்தது' என்ற செய்தி உண்மையே. ஆனால் குறைந்தது காற்றின் வேகம். மேகங்கள் சுமந்த நீர் அல்ல. கடற்கரையிலிருந்து வெகு தொலைவு உள்ளடங்கிய ஊத்தங்கரையில் டிசம்பர் 2 காலை வரையிலான ஒரு நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. சாலையோரம் நின்ற வாகனங்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. 'காற்றின் வேகம் குறைந்து ஆழ்ந்த தாழ்வு மண்டலமாயிற்று. மழை தொடரும்' என்று நிலையின் பெயரோடு எழுதியிருந்தால், எது குறைந்தது, எது குறையவில்லை என்பது தெளிவாகியிருக்கும்.

5. விலக்கத்தக்கவையும் எழுதும் முறையும்

எல்லாத் துறைச்சொல்லும் காக்கத்தக்கது என்பது நம் வாதமன்று. காற்றழுத்தத்தின் 'ஹெக்டோபாஸ்கல்' அளவை நீக்கினால் வாசகர் எடுக்கும் முடிவு எதுவும் மாறாது, அதை நீக்கலாம். நீக்கியதும் இரு வேறு நிலைகள் ஒன்றாகிவிடுமானால், அச்சொல்லை நீக்கலாகாது. நாம் கைக்கொள்ளும் சோதனை இதுவே.

காக்கும் சொல்லை விளக்கமின்றி விடுவதும் குறையே. முதலில் சொல், அடுத்து அளவு, பின் விளைவு என்ற வரிசை வேண்டும். 'அதி கனமழை' என்று எழுதிய கையோடு, ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரே நாளில் 204 லிட்டருக்கு மேல் நீர் விழும் என்று சொல்லிவிடலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 'ஓரிரு இடங்களில்' என்பதற்கு இன்னும் ஒரு வாக்கியம் தேவை. அந்த ஓரிரு இடங்கள் எவை என்று முன்னறிவிப்பு சுட்டுவதில்லை. ஆகவே அந்த வட்டாரத்தில் வாழும் ஒவ்வொருவரும், அது தம் ஊராகவும் இருக்கலாம் என்று கொண்டு ஆயத்தமாக வேண்டும்.